ஒரே பனிப் பாட்டு, நூற்றுக்கணக்கான குரல்கள்: 'வைட் கிறிஸ்துமஸ்' பதிவுகளில் எதைக் கேட்பது?

கேள்வி இது: 'வைட் கிறிஸ்துமஸ்' என்று தேடினால் பிங் க்ராஸ்பி, ஃபிராங்க் சினாட்ரா, எல்விஸ் பிரெஸ்லி, டிரிஃப்டர்ஸ், மைக்கேல் பூப்ளே என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது. இதில் யார் பாடியது அசல்? மற்றவர்கள் ஏன் அதையே திரும்பத் திரும்பப் பாடினார்கள்? எல்லாவற்றையும் கேட்க நேரமில்லாதவர் எதைக் கேட்கலாம்?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பனி மூடிய கிறிஸ்துமஸைக் கனவு காணும் இந்த அமெரிக்கப் பாட்டை எழுதி மெட்டமைத்தவர் இர்விங் பெர்லின். முதலில் பாடியவரும் முதலில் பதிவு செய்தவரும் பிங் க்ராஸ்பி. ஆனால் க்ராஸ்பியின் குரலில் நாம் இன்று வழக்கமாகக் கேட்பது அந்த முதல் பதிவு கிடையாது; ஐந்து வருடம் கழித்து அவரே திரும்பப் பாடியது. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் மற்ற பதிவுகளையும் வேறு காதோடு கேட்கத் தோன்றும். விரிவாகச் சொல்கிறேன்.

சினிமாப் பாட்டோடு வளர்ந்த நமக்கு ஒரு பாட்டு என்றால் ஒரு குரல், ஒரு பதிவு. மேடையில் யார் பாடினாலும் அதை 'அவர் பாட்டு' என்றுதான் சொல்வோம். 1940களின் அமெரிக்கா நம் கச்சேரி மரபுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரே கீர்த்தனையை அரியக்குடியும் பாடுவார், ஜி.என்.பி.யும் பாடுவார், எம்.எஸ்.ஸும் பாடுவார், எது அசல் என்று யாரும் சண்டை போடுவதில்லை. அங்கேயும் பாட்டு எழுதுபவர் தனி, பாடுபவர் தனி. ஒரு பாட்டு கவனம் பெற்றால் ஒவ்வொரு இசைத்தட்டுக் கம்பெனியும் தன் பாடகரை வைத்து அதைப் பதிவு செய்து சந்தைக்கு அனுப்பும். சட்டமும் அதற்கு வழிவிட்டது. 1909ஆம் வருடத்து அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒருமுறை இசைத்தட்டாக வெளிவந்துவிட்டால், அதன்பின் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். பாட்டின் உரிமையாளருக்குத் தட்டு ஒன்றுக்கு 2 சென்ட் கொடுத்தால் போதும், அனுமதி தேவையில்லை. எல்விஸ் விஷயத்துக்கு வரும்போது இந்த 2 சென்ட் மறுபடியும் வரும்.

எழுதியவரைப் பற்றிக் கொஞ்சம். இர்விங் பெர்லின் 1888இல் ரஷ்யப் பேரரசில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் நியூயார்க் வந்தார். கடைசிவரை இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. பியானோவில் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளில்தான் வாசிப்பார். சுருதி மாற்றுவதற்கென்றே நெம்புகோல் வைத்த பியானோ ஒன்றை வைத்திருந்தார். மெட்டை அவர் பாடிக்காட்ட, உதவியாளர் ஹெல்மி க்ரேசா எழுதிக்கொள்வார். இந்தப் பாட்டு அப்படித்தான் 1940இன் தொடக்கத்தில் தாளில் ஏறியது. பெர்லின் கிறிஸ்தவர் இல்லை. பாட்டில் இயேசு இல்லை, தேவாலயம் இல்லை, வழிபாடும் இல்லை. பனி, மரங்கள், மணியோசை, வாழ்த்து அட்டை, அவ்வளவுதான். ஆனால் கிறிஸ்துமஸ் நாள் அந்த வீட்டுக்கு வேறு விதத்தில் கனமான நாள். அவருடைய ஒரே மகன், மூன்று வாரக் குழந்தை, 1928 டிசம்பர் 25 அன்று இறந்துபோனது. பாட்டு அதனால்தான் பிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை எளிய சொற்களுக்கு அடியில் இவ்வளவு ஏக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மெட்டைப் பார்ப்போம், ஏனென்றால் இத்தனை பாடகர்களை ஈர்த்தது அதுதான். மொத்தம் ஐம்பது சொச்சம் சொற்கள். தொடக்க வரியை நம் சுரங்களில் சொன்னால், அந்தர காந்தாரத்தில் ஆரம்பித்து, சுத்த மத்தியமத்தைத் தொட்டு, மீண்டும் காந்தாரம், அதிலிருந்து அரைப்படி கீழே சாதாரண காந்தாரம், திரும்ப அந்தர காந்தாரம், சுத்த மத்தியமம், பிரதி மத்தியமம், பிறகு பஞ்சமம். எட்டுச் சுரங்கள் ஒன்றையொன்று ஒட்டியே நகர்கின்றன. எந்த ராகத்திலும் அடங்காத இந்தத் தயக்கமான நடை, கனவு காண்பதாகச் சொல்லும் வரிக்கு அமைந்தது. அடுத்த வரி தைவதம், நிஷாதம், மேல் ஷட்ஜம், மேல் ரிஷபம் வரை ஏறி, போன வழியே பஞ்சமத்துக்கு இறங்கிவிடும். அந்த வரியின் பொருள், ஒரு காலத்தில் தான் அறிந்திருந்த கிறிஸ்துமஸ்கள் என்பது. நினைவு மேலே போய்த் திரும்புவது சுரத்திலேயே கேட்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் நாட்கள் மகிழ்ச்சியாகவும் ஒளியாகவும் இருக்கட்டும் என்று வாழ்த்தும் வரியில், 'ஒளி' என்ற சொல் விழும் இடத்தில் பின்னணிக் கோர்வை மேஜரிலிருந்து மைனருக்கு, அதாவது தெளிவான ஒலியிலிருந்து சோகம் தொனிக்கும் ஒலிக்கு மாறும். வாய் வாழ்த்துகிறது, இசை கலங்குகிறது. நல்ல பதிவு எது, சாதாரணப் பதிவு எது என்று பிரிக்க நான் முதலில் கேட்கும் இடம் இதுதான். அந்தச் சொல்லைப் பாடகர் எப்படிக் கடக்கிறார்? சிரித்துக்கொண்டே கடந்துவிட்டால் பாட்டு பாதி போயிற்று.

இனி க்ராஸ்பி. 1941 டிசம்பர் 25 அன்று, என்.பி.சி. வானொலியில் அவர் நடத்திவந்த 'க்ராஃப்ட் மியூசிக் ஹால்' நிகழ்ச்சியில் முதன்முதலாகப் பாடினார். பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கி, அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. இசைத்தட்டுப் பதிவு 1942 மே 29 அன்று லாஸ் ஏஞ்சலஸில், டெக்கா கம்பெனிக்காக. ஜான் ஸ்காட் ட்ராட்டரின் இசைக்குழு, கென் டார்பியின் கோரஸ். பதினெட்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது என்பார்கள். அதே வருடம் ஆகஸ்டில் 'ஹாலிடே இன்' படம் வந்தது. படத்தில் க்ராஸ்பி பியானோ முன் உட்கார்ந்து பாடுவார், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் மணிகளைப் புகைக்குழாயால் தட்டுவார். கூடவே பாடுவது மார்ஜரி ரெனால்ட்ஸ் போலத் தெரியும். குரல் மார்த்தா மியர்ஸுடையது. அந்தப் படத்தில் பேர்வாங்கப் போவது இன்னொரு காதல் பாட்டு என்றுதான் எதிர்பார்த்தார்கள். அக்டோபர் முடிவதற்குள் 'வைட் கிறிஸ்துமஸ்' எல்லாவற்றையும் முந்தியது. அந்த வருடம் பில்போர்டு இதழின் இசைத்தட்டுப் பட்டியலில் பதினோரு வாரம் முதலிடம். 1945, 1946 குளிர்காலங்களிலும் திரும்ப முதலிடத்துக்கு வந்தது. 1943இல் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த பாட்டுக்கான உறையைப் பிரிக்க மேடையேறியவர் பெர்லின். தன் பெயரைத் தானே வாசித்து, பரிசைத் தானே வாங்கிக்கொண்டார்.

இவ்வளவு பெரிய வெற்றி வந்தபோது மற்றக் கம்பெனிகள் ஏன் உடனே தங்கள் பாடகர்களைப் பாடவைக்கவில்லை? இதற்கு இசைக்கு வெளியே ஒரு காரணம் இருக்கிறது. 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர்கள் சங்கம், ஜேம்ஸ் பெட்ரில்லோவின் தலைமையில், இசைத்தட்டுப் பதிவுகளை நிறுத்தி வேலைநிறுத்தம் தொடங்கியது. க்ராஸ்பியின் பதிவு அதற்கு இரண்டு மாதம் முன்பே முடிந்துவிட்டது. முந்திக்கொண்ட இன்னும் சில வாத்தியக் குழுக்களின் தட்டுகளும் கடைக்கு வந்தன. மற்றவர்கள் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. டெக்கா 1943 செப்டம்பரில் சங்கத்தோடு உடன்பாட்டுக்கு வந்தது. மற்றப் பெரிய கம்பெனிகளான கொலம்பியாவும் ஆர்.சி.ஏ.வும் 1944 நவம்பரில்தான் வந்தன. சினாட்ரா கொலம்பியாவின் பாடகர். உடன்பாடு ஏற்பட்ட சில நாட்களிலேயே, நவம்பர் 14 அன்று, பதிவுக்கூடத்துக்குத் திரும்பிய அவர் முதல் வேலையாகப் பாடியவற்றில் ஒன்று 'வைட் கிறிஸ்துமஸ்'. அதற்குள் இரண்டு குளிர்காலங்கள் கடந்துவிட்டன. க்ராஸ்பியின் குரலும் பாட்டும் மக்கள் மனதில் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டதில் அவருடைய திறமைக்குப் பெரிய பங்கு உண்டு, இந்த வேலைநிறுத்தத்துக்கும் உண்டு.

போரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1942 குளிர்காலம் லட்சக்கணக்கான அமெரிக்க இளைஞர்கள் வீட்டை விட்டு வெளியே கழித்த முதல் குளிர்காலம். பசிபிக் தீவுகளில் வெயிலில் இருந்தவர்கள் ராணுவ வானொலியிடம் இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். பாட்டில் போர் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. தான் இருக்கும் இடத்தில் இல்லாத பனியை நினைத்துக்கொள்ளும் ஒருவர் மட்டுமே இருக்கிறார். அது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. வீரர்களை இந்தப் பாட்டு சோகத்தில் ஆழ்த்துவதைப் பார்த்து, அவர்கள் முன்னால் பாடத் தயங்கியதாகக் க்ராஸ்பியே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவர் பாடிய முறை இன்றைக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். ஒலிவாங்கி வருவதற்கு முன் மேடைப் பாடகர் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி குரலைத் தூக்க வேண்டும். க்ராஸ்பியின் தலைமுறைதான் ஒலிவாங்கியைக் காதாக நினைத்துப் பாடக் கற்றது. பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசும் அளவுக்குத்தான் இந்தப் பாட்டில் குரல் வருகிறது. சுரத்தின் ஓரத்தில் அவ்வப்போது ஒரு சின்ன அசைவு கொடுப்பார். நம் காதுக்கு அது ஒரு குட்டிக் கமகமாகவே படும். வேறு அலங்காரம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. மைனர் விழும் அந்தச் சொல்லில்கூட எதையும் சுட்டிக்காட்டாமல், இசை கலங்குவதற்கு இடம் விட்டு நகர்ந்துவிடுகிறார். ஒரு தடவை முழுப் பாட்டும் அவர். பிறகு கோரஸ் எடுத்துக்கொள்ளும். மீண்டும் அவர் வந்து முடிப்பார்.

இனி இரண்டாம் பதிவு. அப்போது நாடாவில் பதியும் வழக்கம் கிடையாது. தட்டில் நேராகப் பதிந்து, அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, அந்த அச்சு வழியாகப் பிரதிகளை அழுத்தி எடுப்பார்கள். இந்தப் பாட்டுக்கு இருந்த தேவையில் மூல அச்சே தேய்ந்து போயிற்று. அதனால் 1947 மார்ச்சில் அதே ட்ராட்டர் இசைக்குழு, அதே டார்பி கோரஸ், அதே க்ராஸ்பி கூடி, பழைய பதிவைக் கூடியவரை அப்படியே திரும்பச் செய்தார்கள். ஒலி தெளிவாயிற்று. முகப்பிசையில் புல்லாங்குழல்களும் செலஸ்டா என்ற மணியொலிக் கட்டை வாத்தியமும் சேர்ந்து மினுமினுப்பு கூடியது. கடைகளிலும் வானொலியிலும் தொகுப்புகளிலும் நாம் கேட்டு வளர்ந்தது பெரும்பாலும் இதுதான். க்ராஸ்பியின் தட்டு ஐந்து கோடி பிரதிகளுக்கு மேல் விற்றதாகக் கணக்கிடுகிறார்கள். உலகில் மிக அதிகம் விற்ற தனிப்பாட்டு என்று கின்னஸ் அதைச் சொல்கிறது. அந்தக் கணக்கில் இரண்டு பதிவுகளும் அடக்கம். (அதே 1947இல் தன் வானொலி நிகழ்ச்சியை நாடாவில் பதிந்து ஒலிபரப்பத் தொடங்கியவரும் க்ராஸ்பிதான், ஆம்பெக்ஸ் கம்பெனிக்கு அவர் கொடுத்த 50,000 டாலர் நாடாப் பதிவு அமெரிக்காவில் வேர்பிடிக்க உதவியது.)

எனக்கு 1942தான் பிடிக்கும். 1947இல் குரல் கனிந்திருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைப் பாடும்போது இது உலகமே கொண்டாடும் பாட்டு என்று அறையிலிருந்த அனைவருக்கும் தெரியும். 1942இல் அது ஒரு படத்துக்கான பல பாட்டுகளில் ஒன்று. அந்த அறியாமையில் ஒரு நேர்மை இருக்கிறது.

முதல் பதிவு பின்னுக்குப் போய், அதே பாடகர் திரும்பப் பாடியது நிலைப்பது குளிர்காலப் பாட்டுகளுக்கு அடிக்கடி நேர்வதுதான். மெல் டார்மேயும் பாப் வெல்ஸும் 1945 ஜூலை மாதத்து வெக்கையில் எழுதிய 'தி கிறிஸ்துமஸ் சாங்' பாட்டை நாட் கிங் கோல் நான்கு தடவை பதிவு செய்தார்: 1946 ஜூனில் தன் மூவர் குழுவோடு, ஆகஸ்டில் தந்திவாத்தியங்கள் சேர்த்து, 1953இல் ஒருமுறை, 1961 மார்ச்சில் ஸ்டீரியோவில் கடைசியாக. இன்று எங்கும் ஒலிப்பது அந்த நான்காவது. முதலாவதோ நெடுங்காலம் வெளிவராமலே கிடந்தது. இந்தப் பாட்டுகளில் பாதி கலிஃபோர்னியா வெயிலில் எழுதப்பட்டவை என்பதும் தற்செயல் இல்லை. 'லெட் இட் ஸ்னோ' பாட்டும் அதே 1945 ஜூலையில் ஹாலிவுட்டில்தான் பிறந்தது. சினிமா வேலைக்காக மேற்குக் கரைக்குப் போனவர்கள் பனியைத் தொலைவிலிருந்து எழுதினார்கள்.

'வைட் கிறிஸ்துமஸ்' இதை மறைக்கவே இல்லை. பெர்லின் எழுதிய முழுப் பாட்டில் முன்னுரை போல ஒரு பகுதி உண்டு. வெயில் அடிக்கிறது, புல் பச்சையாக இருக்கிறது, ஆரஞ்சு மரமும் பனைமரமும் ஆடுகின்றன, பெவர்லி ஹில்ஸில் இப்படி ஒரு நாளைக் கண்டதில்லை. ஆனால் இன்று டிசம்பர் 24, எனக்கோ வடக்கே போக ஆசை. இதற்குப் பிறகுதான் நாம் அறிந்த தொடக்க வரி வர வேண்டும். க்ராஸ்பி தட்டில் இந்தப் பகுதியைப் பாடவில்லை. தட்டு வெற்றி பெற்றதும் பெர்லினே அச்சுப் பிரதிகளிலிருந்தும் அதை எடுக்கச் சொன்னார். வியாபாரமாகப் பார்த்தால் சரியான முடிவுதான். நீச்சல்குளத்துப் பக்கம் உட்கார்ந்து ஏங்கும் ஒரு வசதியான ஆளின் பாட்டு, ஊரைவிட்டு வந்த யாருடைய பாட்டாகவும் ஆயிற்று. ஆனால் வெயில் போய்விட்டதால், பாடகர்கள் பலர் தாங்கள் பனிக்குள்ளேயே நிற்பதாக நினைத்துக்கொண்டு பாடத் தொடங்கினார்கள். மணி குலுங்கக் குலுங்க, உற்சாகமாக. பிற்காலப் பதிவுகளில் ஏராளமானவை எனக்கு ஒட்டாமல் போவது அதனால்தான். பாடுபவருக்குப் பனி கையில் கிடைத்துவிட்டால் கனவு காண்பதற்கு என்ன இருக்கிறது?

அந்த முன்பகுதியைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் உண்டு. பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் 1967இலும் கேரன் கார்பென்டர் 1978இலும் பாடினார்கள். எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது டார்லீன் லவ் பாடியது. தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர், இடம் லாஸ் ஏஞ்சலஸின் கோல்டு ஸ்டார் பதிவுக்கூடம், 1963இன் கோடை வெயில். பியானோக்களும் கிதார்களும் தாளங்களும் சுவர்போல எழும்பி நிற்கும் இசைக்கு நடுவில் அவர் பாட்டை நிறுத்திவிட்டு, அந்த வெயில் பகுதியைப் பேச்சாகவே சொல்கிறார். அவர் அந்த ஊர்ப் பெண். சொல்வது நிஜம். அந்த இசைத்தொகுப்பு வெளிவந்த நாள் 1963 நவம்பர் 22. அன்றுதான் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டார். பண்டிகைப் பாட்டு கேட்கும் மனநிலையில் நாடு இல்லை. உரிய மதிப்பு அதற்குப் பல வருடம் கழித்தே கிடைத்தது.

கேள்வியில் சினாட்ராவின் பெயரும் இருந்தது, அவரை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்கலாம். 1944 பதிவு அழகானது. ஆக்ஸல் ஸ்டோர்டால் அமைத்த வயலின்கள் மென்மையாகத் தாங்குகின்றன. டாமி டார்ஸி ஊதும் டிராம்போனைக் கேட்டுக் கற்றதாக அவர் சொல்லிக்கொண்ட அந்த நீண்ட மூச்சும் இருக்கிறது. 1954இல் கேபிடல் கம்பெனிக்காக மறுபடியும் பாடினார். இரண்டிலும் அவர் ஒரு காதலியைப் பார்த்துப் பாடுவதாகவே எனக்குக் கேட்கிறது. இந்தப் பாட்டுக்கு எதிரில் யாரும் இருக்கக் கூடாது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1960இல் பாடியதும் குறையில்லாத குரல். மகிழ்ச்சி மட்டும் கொஞ்சம் அதிகம். லூயி ஆம்ஸ்ட்ராங் 1952இல் கார்டன் ஜென்கின்ஸ் இசையோடு பாடியது இவை இரண்டையும்விட என்னை அதிகம் தொடுகிறது. அந்தக் கரகரப்பில் பொய்க்கு இடமில்லை.

க்ராஸ்பியின் பிடியிலிருந்து பாட்டை விடுவித்தவர்கள் கறுப்பினக் குரல் குழுக்கள். 1948இல் ரேவன்ஸ் என்ற குழு, அடித்தொண்டைப் பாடகர் ஜிம்மி ரிக்ஸை முன்னால் நிறுத்தி, தாளம் போட்டு ஆடும்படி ஒரு வடிவம் செய்தது. 1954இல் டிரிஃப்டர்ஸ் அதை மேலே கொண்டுபோனார்கள். முதலில் பில் பிங்க்னி பாதாளக் குரலில் நிதானமாகப் பாடி முடிப்பார். உடனே க்ளைட் மெக்ஃபேட்டர் உச்சஸ்தாயியில் நுழைந்து அதே வரிகளைக் குழைத்துக் குழைத்து இழுப்பார். ஒரே ஆளுக்குள் இருக்கும் அமைதியும் தவிப்பும் இரண்டு குரலாகப் பிரிந்து நிற்பதாக எனக்குத் தோன்றும். 'ஹோம் அலோன்' படத்தில் சிறுவன் கண்ணாடி முன் சீப்பைப் பிடித்துக்கொண்டு வாயசைப்பது இந்தப் பதிவுக்குத்தான். பூப்ளே 2011இல் ஷனாயா ட்வெய்னோடு பாடியதும் டிரிஃப்டர்ஸை அடியொற்றியே. க்ராஸ்பியைப் பின்பற்றியவர்கள் அவருக்குப் பக்கத்தில் மங்கித் தெரிகிறார்கள். டிரிஃப்டர்ஸைப் பின்பற்றியவர்கள் குறைந்தபட்சம் உயிரோடு இருக்கிறார்கள்.

எல்விஸ் அப்படிப் பின்பற்றியவர்தான். 1957இல் அவருடைய கிறிஸ்துமஸ் தொகுப்பில் வந்த பதிவு டிரிஃப்டர்ஸின் அமைப்பை நெருக்கமாக ஒட்டியது. பெர்லினுக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் நான் சொன்ன சட்டம் இருக்கிறதே, பதிவைத் தடுக்க அவருக்கு வழியில்லை. அதனால் எல்விஸின் பாட்டைப் போட வேண்டாம் என்று வானொலி நிலையங்களைக் கேட்டுக்கொள்ளச் செய்தார். தட்டு ஒன்றுக்கு 2 சென்ட் அவருக்கே வரும் நிலையில் இதைச் செய்தார் என்பதை நினைத்துப் பாருங்கள், எதிர்ப்பு உண்மையானதுதான். ஆனால் டிரிஃப்டர்ஸ் இதே வடிவத்தில் பாடி மூன்று வருடமாகியிருந்தது. அப்போது எழாத கோபம் எல்விஸ் பாடியபோது எழுந்ததற்கு, கறுப்பின இசைக்கென்று தனியாக இருந்த வானொலியும் சந்தையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஒரு வெள்ளை இளைஞன் பொதுச் சந்தையில் பாடியபோதுதான் அது அவர் காதில் இடித்தது. எல்விஸின் பதிவு மோசமானது இல்லை. டிரிஃப்டர்ஸைக் கேட்டவருக்கு அதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

புதிதாகச் செய்தவர் ஓடிஸ் ரெடிங். 1967 டிசம்பர் 10 விமான விபத்தில் அவர் இறந்தபின், 1968இல் அவருடைய 'வைட் கிறிஸ்துமஸ்' வெளிவந்தது. மெதுவான நடை. சொற்களை உடைத்து, திரும்பச் சொல்லி, கெஞ்சுவதுபோலப் பாடுகிறார். க்ராஸ்பி மூடி வைத்திருந்த ஏக்கத்தை இவர் திறந்து கொட்டிவிடுகிறார். இரண்டும் ஒரே மெட்டு என்பதையே மறக்க வைக்கும் பதிவு இது. எத்தனை பேர் பாடினாலும் பாட்டு தீர்ந்துபோகவில்லை என்பதற்கு எனக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பனியே பார்க்காத ஊரிலிருந்தும் ஒரு பதிவு உண்டு. 1965இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பாப் மார்லியும் வெய்லர்ஸ் குழுவும் ஸ்கா என்ற ஜமைக்காவின் துள்ளல் தாளத்தில் பாடினார்கள். தான் முன்பு அறிந்திருந்தவை போன்ற என்று வரும் வரியை, தான் அறிந்திருந்தவை போல் அல்லாத என்று திருப்பிவிட்டார்கள். ஒரு சின்ன மாற்றம்தான். வெயில் நாட்டில் பிறந்தவன் இந்தப் பாட்டை உண்மையாகப் பாட வேண்டுமென்றால் இப்படித்தான் பாட முடியும். வாத்திய இசை பிடித்தவர்கள் ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரைத் தேடுங்கள். 1948 கிறிஸ்துமஸ் அன்று நியூயார்க்கின் ராயல் ரூஸ்ட் விடுதியில் வாசித்தது வானொலி ஒலிபரப்பிலிருந்து பதிவாகிக் கிடைக்கிறது. மெட்டைச் சொல்லிவிட்டுக் கிளம்பி எங்கெங்கோ போய் வருகிறார்.

1954இல் வந்த 'வைட் கிறிஸ்துமஸ்' படத்தின் இசைத்தட்டை வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். படத்தில் நடித்துப் பாடியவர் ரோஸ்மேரி க்ளூனி. அவர் கொலம்பியாவோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் டெக்கா வெளியிட்ட தட்டில் அவர் இடத்தில் பெக்கி லீ பாடியிருக்கிறார். படத்தில் கேட்ட குரல் தட்டில் இல்லையே என்று குழம்ப வேண்டாம்.

இன்னொரு குழப்பம் வரலாற்றில் பதிந்தது. 1975 ஏப்ரல் 29, வியட்நாம் போரின் முடிவில் சைகோனிலிருந்து அமெரிக்கர்கள் கடைசியாக வெளியேறிய நாள். அதற்கான ரகசியச் சைகை, ராணுவ வானொலியில் வெப்பநிலை 105 டிகிரி, ஏறிக்கொண்டிருக்கிறது என்ற அறிவிப்பும், அதைத் தொடர்ந்து 'வைட் கிறிஸ்துமஸ்' பாட்டும். அன்று ஒலித்தது க்ராஸ்பி குரல் என்றே பலரும் எழுதிவருகிறார்கள். கையில் கிடைத்தது டென்னஸி எர்னி ஃபோர்டு பாடிய தட்டுதான், அதைத்தான் போட்டோம் என்று ஒலிபரப்பில் இருந்தவர் சொல்லியிருக்கிறார். பாட்டின் பெயரைக் கேட்டாலே காதில் க்ராஸ்பிதான் ஒலிக்கிறார் போலும்.

அவரும் அதைக் கடைசிவரை விடவில்லை. 1977 செப்டம்பரில் லண்டனில் பதிவான அவருடைய கடைசிக் கிறிஸ்துமஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியை இந்தப் பாட்டோடுதான் முடித்தார். அடுத்த மாதம் 14ஆம் தேதி ஸ்பெயினில் இறந்தார். நிகழ்ச்சி அதன்பிறகே ஒளிபரப்பானது. குரல் இறங்கியிருக்கிறது, மூச்சு குறைந்திருக்கிறது. பாடும் முறையில் மட்டும் ஒரு அலங்காரமும் கூடவில்லை.

ஆக, நேரம் குறைவாக இருப்பவருக்கு என் வரிசை: முதலில் க்ராஸ்பி 1942. அடுத்து டிரிஃப்டர்ஸ் 1954. பிறகு டார்லீன் லவ், முக்கியமாக நடுவில் வரும் பேச்சுக்காக. அதன்பின் ஓடிஸ் ரெடிங். இந்த நான்கையும் ஒரே மூச்சில் கேட்டாலும் பதினைந்து நிமிடம் ஆகாது. பிடித்திருந்தால் வெய்லர்ஸ், ஆம்ஸ்ட்ராங், பார்க்கர். 1942 பதிவைத் தேடும்போது மட்டும் கவனம் வேண்டும். க்ராஸ்பி என்று போட்டு வரும் தொகுப்புகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது 1947தான். வருடம் குறிப்பிடாமலும் போட்டுவிடுவார்கள். முகப்பிசையில் புல்லாங்குழல்களும் செலஸ்டாவும் மினுமினுத்தால் அது 1947. அவை இல்லாமல், ஒலி சற்று மங்கலாகத் தொடங்கினால் நீங்கள் தேடிய தட்டு அதுதான்.